நிலக்கரிச் சுரங்கத்துக்கு மேல் நிலம் இறங்குகிறதா? சர்வே வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மைனிங் டிப்ளமோ முடித்துவிட்டு ஜரியா, ராணிகஞ்ச், ராமகுண்டம் நிலக்கரி வயல்கள் பக்கம் சர்வே பிரிவில் சேரும் பிள்ளைகளிடம் முதல் வாரத்திலேயே ஒரு லெவல் கருவி, ஒரு ஸ்டாஃப் (அளவு குறித்த கோல்), ஒரு ரிஜிஸ்டர் மூன்றையும் கொடுத்து, சப்சிடென்ஸ் லைனை, அதாவது நில இறக்கத்தை அளக்க வரிசையாக நட்ட புள்ளிகளை, பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள். எதற்காகப் பார்க்கிறோம் என்று உட்கார வைத்துச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. ஆனால் அந்த லைனின் மேல் வீடு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, ரயில் ஓடுகிறது. அதனால் அந்த ரிஜிஸ்டரில் விழும் ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருவர் இரவு நிம்மதியாகத் தூங்குவதோடு சம்பந்தப்பட்டது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். நிலம் மொத்தமாக எவ்வளவு இறங்கியது என்ற எண்ணை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. ஒரு ஊர் முழுக்க ஒரே சீராக அரை மீட்டர் இறங்கினால் சுவரில் கீறல்கூட விழாமல் போகலாம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே வித்தியாசம் எவ்வளவு, போன முறைக்கும் இந்த முறைக்கும் இடையே வேகம் எவ்வளவு, இந்த இரண்டும்தான் வீட்டை உடைக்கின்றன, மலையைச் சரிக்கின்றன. கீழே வரும் எல்லா வேலையும் இந்த இரண்டையும் பிடிப்பதற்கே.

நெய்வேலியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு குறிப்பு. அது திறந்தவெளிச் சுரங்கம். அங்கே கவலை வெட்டிய கரைகளும் கொட்டிய மண்மேடுகளும் சரிவதைப் பற்றியது. இங்கே பேசுவது நிலத்துக்கு அடியில் கரி எடுத்தபின் மேலே என்ன ஆகிறது என்பதை.

கீழே என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன் பிளானை எடுங்கள். எத்தனை சீம் (கரிப் படலம்), ஒவ்வொன்றும் எவ்வளவு தடிமன், எவ்வளவு ஆழம், எந்த ஆண்டு எடுத்தது, தூண்கள் நிற்கின்றனவா அல்லது டீபில்லரிங் செய்து, அதாவது தூண்களையும் எடுத்து, கூரையை விழவிட்டார்களா, மணல் நிரப்பினார்களா, கோஃபில், அதாவது கரி எடுத்து முடித்த வெற்றிடத்தில், தண்ணீர் நிற்கிறதா, தீ இருக்கிறதா. இவ்வளவும் ஒரே தாளில் வர வேண்டும்.

இதில் இரண்டு வகை ஆபத்து உண்டு, இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு. நீளச் சுவராகக் கரியை வெட்டிக்கொண்டே போகும் லாங்வாலிலும், டீபில்லரிங்கிலும் கூரை விழுந்ததும் மேலே நிலம் அகன்ற தட்டுபோல இறங்கும். பெரும்பகுதி சில மாதங்களுக்குள் முடிந்துவிடும், மிச்சம் மெதுவாக வரும். தூண்களை விட்டுவிட்டுப் போன பழைய சுரங்கம் அப்படியல்ல. தூண் அரித்து, தீயில் வெந்து, தண்ணீரில் ஊறி, ஐம்பது ஆண்டு கழித்து ஒரு நாள் நொறுங்கும். அதற்குக் காலக்கெடு கிடையாது.

ராணிகஞ்சில் கரி வெட்டத் தொடங்கியது 1774இல். ஜரியாவிலும் ராணிகஞ்சிலும் 1971-73 தேசியமயம் வரை பல தனியார் முதலாளிகள் மேலோட்டமான ஆழத்தில் வெட்டிவிட்டுப் போனார்கள். நிறைய கேலரிகளுக்கு, அதாவது கரி வெட்டிய பாதைகளுக்கு, பிளானே இல்லை. இருக்கும் பிளானும் உண்மையோடு ஒத்துப்போகாது. அதனால் தாளை மட்டும் நம்பாதீர்கள். ஓய்வுபெற்ற சுரங்க மேற்பார்வையாளர்கள், ஓவர்மேன், சர்தார் யாராவது ஊரில் இருந்தால் போய் உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஆலமரத்துக்கு அடியில் பழைய இன்கிளைன் (சாய்வுப் பாதை) வாய் இருந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சந்தேகம் இருக்கும் இடத்தில் போர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு இரண்டு சின்னக் கணக்கு. முதலாவது, பாதிப்பு பேனலின், அதாவது கரி எடுக்கும் பகுதியின், விளிம்பைத் தாண்டி எவ்வளவு தூரம் பரவும் என்பது. பேனல் விளிம்பிலிருந்து செங்குத்துக் கோட்டுக்கு வெளியே சாய்ந்து மேலே வரும் இந்தக் கோணத்தை டிரா கோணம் என்பார்கள். பிரிட்டனில் 35 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். நம் நாட்டு நிலக்கரி வயல்களில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே வருகிறது. ஆழம் 100 மீட்டர், கோணம் 20 டிகிரி என்றால் விளிம்பிலிருந்து சுமார் 36 மீட்டர் வெளியே வரை நிலம் அசையும். 35 டிகிரி என்றால் அதுவே 70 மீட்டர். உங்கள் சுரங்கத்தின் பழைய அளவீடுகளில் என்ன கோணம் வந்தது என்று கேட்டு அதையே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, திடீர்க் குழி விழுமா என்பது. கூரைப் பாறை உடைந்து விழும்போது அதன் பருமன் கூடும். 3 மீட்டர் உயரக் கேலரி, உடைந்த பாறை 1.3 மடங்கு பெருகும் என்று வையுங்கள்: 3ஐ 0.3ஆல் வகுத்தால் 10. ஏறத்தாழ 10 மீட்டர் உயரம் விழுந்ததும் இடிபாடு தன்னைத்தானே அடைத்துக்கொண்டு நின்றுவிட வேண்டும். ஆனால் இது சாதகமான கணக்கு. ஓடும் தண்ணீர் இடிபாட்டைக் கழுவிக்கொண்டு போனாலோ, சரிவான கேலரியில் அது கீழே உருண்டு போனாலோ குழி இன்னும் மேலே ஏறும். கெட்டிப்பாறை மூடல் 20, 30 மீட்டர்தான் என்றால் அந்த இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

புள்ளிகளை நடுவது

ஒரு பேனலுக்குக் குறைந்தது இரண்டு லைன்: ஒன்று நீளவாக்கில், ஒன்று குறுக்கே, இரண்டும் நடுவில் வெட்டிக்கொள்ளும்படி. இரண்டு முனைகளும் பாதிப்பு எல்லையைத் தாண்டி அசையாத நிலம் வரை போக வேண்டும். புள்ளிகளுக்கு இடைவெளி ஆழத்தில் இருபதில் ஒரு பங்கு என்பது பழைய பிரிட்டிஷ் கணக்கு; 300 மீட்டர் ஆழத்துக்கு 15 மீட்டர் வரும். ஆழம் குறைந்த இடத்தில் இன்னும் நெருக்கமாக நடுங்கள்.

இரும்புக் கம்பியை வெறுமனே தரையில் அடித்துவிட்டு வந்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். கம்பியும் அதோடு ஏறி இறங்கும். ஒரு மீட்டராவது தோண்டி, கான்கிரீட்டில் பதித்து, தலைப்பகுதியை உருண்டையாக வையுங்கள். ஸ்டாஃப் எந்தப் பக்கத்திலிருந்து வைத்தாலும் அதே உச்சியில்தான் உட்காரும். கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பழைய இரும்புக்காகப் பிடுங்கிப் போய்விடுவார்கள், மாடு முட்டும், ஏர் இடிக்கும். தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து மூடி போடுங்கள்.

பெஞ்ச் மார்க்தான் இதில் மிகக் கவனம் வேண்டிய இடம். எல்லாவற்றையும் அதிலிருந்துதான் அளக்கிறோம். ஜரியா மாதிரி, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல சீம்களையும் வெட்டிய நிலக்கரி வயலில் அசையாத நிலம் கிடைப்பதே கஷ்டம். ஒன்றே ஒன்றை நம்பாமல் வெவ்வேறு திசையில் மூன்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் லைனைத் தொடங்குமுன் அந்த மூன்றையும் ஒன்றோடொன்று சரிபாருங்கள். என்றைக்காவது லைனில் உள்ள எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு மேலே எழுந்ததாகக் கணக்கு வந்தால், நிலம் எழவில்லை. உங்கள் பெஞ்ச் மார்க் இறங்கியிருக்கிறது.

கரி எடுக்கத் தொடங்கும் முன்பே குறைந்தது இரண்டு முழுச் சுற்று அளந்து வைத்துவிட வேண்டும். அதே சமயத்தில் மேலே உள்ள ஒவ்வொரு வீட்டையும் உள்ளும் புறமும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். ஏற்கெனவே இருந்த விரிசல் எது, பிறகு வந்தது எது என்ற தகராறு நிச்சயம் வரும். அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கிடைப்பது இந்தப் போட்டோவில்தான்.

அளப்பது

காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் தரையிலிருந்து எழும் அனலில் ஸ்டாஃப் எண்கள் நடுங்கும். முடிந்தவரை அதே கருவி, அதே ஆள், அதே பாதை. முன்னும் பின்னும் பார்வைத் தூரம் சமமாக இருக்கட்டும். போன வழியே திரும்பி வந்து தொடங்கிய இடத்தில் முடியுங்கள். பிழை சில மில்லிமீட்டருக்கு மேல் போனால் அன்றைக்கே மறுபடி எடுங்கள். தவறாக எழுதிய எண்ணை அழிக்காமல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். உயரத்தோடு நிற்காமல், தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியில் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தையும் அளந்தாக வேண்டும்.

அன்றைய தேதியில் கீழே ஃபேஸ், அதாவது கரி வெட்டும் முகம், எங்கே நிற்கிறது என்பதையும் ரிஜிஸ்டரில் எழுதுங்கள். ஃபேஸ் இருக்கும் இடம் தெரியாமல் மேலே வரும் எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது. மழையளவையும் குறியுங்கள்.

ஃபேஸ் லைனை நெருங்கும்போதும் கடக்கும்போதும் வாரம் ஒரு முறை. வீடு, ரயில், குளம் இருந்தால் தினமும்கூட. கடந்து போனபின் மாதம் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. தொடர்ந்து பல சுற்று மாற்றமில்லை என்று வந்த பின்தான் இடைவெளியைக் கூட்டலாம்.

எண்ணுக்குப் பொருள் காண்பது

15 மீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள். ஒன்று 240 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது, மற்றது 165. வித்தியாசம் 75 மில்லிமீட்டர். 15ஆல் வகுத்தால் மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் சாய்வு. வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்குவதும், கதவு தானாகத் திறந்துகொள்வதும் இதனால்தான்.

இப்போது தூரத்தைப் பாருங்கள். முதலில் 15.000 மீட்டர் இருந்தது, இப்போது 15.048. நீட்சி 48 மில்லிமீட்டர், மீட்டருக்கு 3.2. கட்டடங்களுக்கும் ரயில் பாதைக்கும் மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் என்பதை நம் நாட்டில் பொதுவான எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிவிட்டது. இந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வீடு இருந்தால் அறிக்கை மேசைக்கு வரும்வரை காத்திருக்காமல் அன்றே மேனேஜரிடம் வாயாலும் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள்.

இழுபடும் பகுதி பேனலின் விளிம்பை ஒட்டியே வரும். நடுப்பகுதியில் நிலம் நெருக்கப்படும். அதனால் எல்லாரும் நடுவில் உள்ள வீட்டைப் பார்த்துப் பயப்படும்போது, விளிம்பில் உள்ள வீடு மௌனமாக விரிந்துகொண்டிருக்கும். நம் விதிகளில் ரயில் பாதை, பொதுக் கட்டுமானம், கட்டடங்களிலிருந்து 45 மீட்டருக்குள் வேலை செய்ய முன் அனுமதி வேண்டும் என்று வைத்திருப்பதும் இந்த விளிம்பை மனத்தில் வைத்துத்தான். அனுமதி தரும் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் தலைமையகம் தன்பாத்தில் இருக்கிறது. அவர்கள் கேட்கும் முதல் தாள் உங்கள் ரிஜிஸ்டராகத்தான் இருக்கும்.

விரிசலைப் பார்க்கும் விதம்

விரிசல் கண்ணில் பட்டதும் உடனே மண் போட்டு மூடிவிடச் சொல்வார்கள். மூடத்தான் வேண்டும், அளந்த பிறகு. இரண்டு முனைகளிலும் பெயிண்டால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த முறை விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் எவ்வளவு நீண்டது என்று தெரியும். ஒரு பக்கம் இரண்டு ஆணி, எதிர்ப்பக்கம் ஒரு ஆணி, முக்கோணமாக அடியுங்கள். மூன்று தூரங்களையும் அளந்தால் விரிசல் அகலமாகிறதா, பக்கவாட்டில் நகர்கிறதா என்று பிரித்துச் சொல்லலாம். மேல்மட்ட வித்தியாசத்தையும் எழுதுங்கள்.

அளந்ததும் களிமண்ணால் இறுக்கி மூடுங்கள். விரிசல் வழியே காற்று கோஃபுக்குள் போனால் மிச்சமிருக்கும் கரி தானே தீப்பிடிக்கும். மழைத்தண்ணீர் போனால் கீழே வேலை செய்பவர்களுக்கு ஆபத்து. ஜரியாவில் நிலத்தடித் தீயை முதலில் கண்டது 1916இல். இன்றும் அணையவில்லை. தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதையை 2017 ஜூன் 15 அன்று நிறுத்திவைத்ததும் அந்தத் தீயினால்தான். பயணிகள் ரயில் மறுபடி ஓட 2019 பிப்ரவரி ஆயிற்று.

விரிசலில் ஆவி வந்தாலோ, மண் சூடாக இருந்தாலோ, தார் வாடை அடித்தாலோ குனிந்து பார்க்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பின்வாங்கி, கேஸ் டிடெக்டரோடு இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு காற்றடிக்கும் பக்கத்திலிருந்து போங்கள்.

குழி விழும் இடங்களில் நடைதான் கருவி

15 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்த லைன், 3 மீட்டர் அகலக் குழியைப் பிடிக்காது. அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்துவிடும். 2017 மே மாதம் ஜரியாவின் இந்திரா சௌக் அருகே திடீரென்று தரை உள்வாங்கியதில் ஒரு அப்பாவும் மகனும் உயிரோடு உள்ளே போனார்கள். கடைத்தெருவை ஒட்டிய இடம் அது.

சிவப்பு வட்டம் போட்ட இடங்களில் வாரம் ஒரு முறையும், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் நடந்து பாருங்கள். வட்டமாக விழுந்த மெல்லிய விரிசல், தேங்கிய தண்ணீர் ஒரே இரவில் காணாமல் போவது, கைப்பம்பில் திடீரென்று தண்ணீர் நிற்பது, வேலிக்கம்பு சாய்வது. இதில் எதைக் கண்டாலும் முதலில் கயிறு கட்டி ஆட்களை விலக்குங்கள், அளவெடுப்பதெல்லாம் பிறகு. தனியாகப் போகாதீர்கள், வட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள். வெற்றிடம் எங்கே என்று தேட, தரைக்குள் மின்சாரம் செலுத்தி அளக்கும் மின்தடைச் சோதனை உதவும், ஆனால் உறுதிசெய்வது போர் ஓட்டைதான்.

செயற்கைக்கோள் எதற்கு உதவும், எதற்கு உதவாது

2014இல் ஏவிய சென்டினல்-1 தரும் ரேடார் படங்கள் எல்லாருக்கும் இலவசம். ஒரே இடத்தை 12 நாளுக்கு ஒரு முறை எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு இறக்கத்தைக் கணக்கிடும் முறையை இன்சார் என்கிறார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்நாப் மென்பொருளும் இலவசம்; நல்ல கணினி இருந்தால் வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்த ரேடாரின் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. படத்தில் வரும் ஒரு வண்ணச் சுற்று அதில் பாதி, அதாவது 2.8 செ.மீ. அசைவு. டீபில்லரிங் நடக்கும் பேனலின் நடுவில் 12 நாளில் அரை மீட்டர் இறங்கினால் வண்ணங்கள் குழம்பி அந்த இடம் படத்தில் செத்துப்போகும். அங்கே லெவல் கருவிக்கு மாற்று கிடையாது. செடிகொடி அடர்ந்த இடத்திலும் இதே தொல்லை. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோளின் எல்-பேண்ட் அலை 24 செ.மீ. நீளம், பசுமை மூடிய நிலத்தில் அது இன்னும் நன்றாக வேலை செய்யும்.

யாரும் சந்தேகப்படாத இடத்தில் மாதம் சில மில்லிமீட்டராக நடக்கும் மெதுவான இறக்கத்தைக் காட்டுவதில்தான் இன்சார் கெட்டிக்காரன். லைன் போடாத ஊரை அது காட்டிக்கொடுக்கும். ஒரே ஒரு ஜோடிப் படத்தைப் பார்த்துவிட்டு ஊரைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். மழைக்காலக் காற்றின் ஈரப்பதமே சில சென்டிமீட்டர் பொய் அசைவைக் காட்டும். பல படங்களை வரிசையாக வைத்து, தரையில் இரண்டு புள்ளியாவது அளந்து ஒத்துப்பாருங்கள்.

மேலே மலை இருந்தால்

சமவெளியில் நிலம் இறங்கும், அவ்வளவுதான். மலைக்கு அடியில் கரி எடுத்தால் இறங்கும் நிலம் பள்ளத்தாக்குப் பக்கமாகவும் நகரும். உச்சியில் பாறை இழுபட்டு, ஏற்கெனவே உள்ள பிளவுகள் வாய் திறக்கும். அதில் மழை புகும்.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1903 ஏப்ரல் 29 விடிகாலை, டர்ட்டில் மலையின் கிழக்கு முகம் பெயர்ந்து ஃபிராங்க் என்ற ஊரின் ஒரு பகுதியை மூடியது. சரிந்து முடிய ஒன்றரை நிமிடம் போலத்தான் ஆனது. 70 முதல் 90 பேர் இறந்தார்கள். மலையின் அமைப்பே அதற்குச் சாதகமாக இருந்தது, குளிரும் பனியுருகலும் சேர்ந்தன, அடிவாரத்தில் 1901இல் திறந்த கரிச்சுரங்கமும் தன் பங்கைச் செய்தது. அதற்கு முந்திய மாதங்களில் சுரங்கத்துக்குள் முட்டுமரங்கள் நொறுங்குவதையும், கரி தானாகவே உதிர்ந்து விழுவதையும் தொழிலாளிகள் பார்த்திருந்தார்கள். கீழே உள்ளவர்கள் சொல்லும் செய்தியை மேலே உள்ள சர்வேயர் தினமும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அந்த மலையில் இன்றும் சென்சார்கள் வைத்துக் கண்காணிக்கிறார்கள். சீனாவின் குய்சோ மாகாணத்தில் நாயோங் வட்டாரத்துப் பூசா கிராமத்தின் மேல் 2017 ஆகஸ்ட் 28 அன்று மலை சரிந்தது. அதன் அடியிலும் கரிச்சுரங்கம் இருந்தது. 35 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள்.

மலையில் பார்க்க வேண்டியவை: உச்சி விளிம்புக்கு இணையாக ஓடும் விரிசல், அடிவாரம் உப்புவது, புது ஊற்று தோன்றுவது அல்லது பழைய ஊற்று வற்றுவது, உதிரும் சின்னக் கற்கள். உச்சி விரிசல் அகலமாவதைப் பார்க்கக் குறுக்கே எக்ஸ்டென்சோமீட்டர், எதிர்ச்சரிவில் பாதுகாப்பான இடத்திலிருந்து டோட்டல் ஸ்டேஷனால் பார்க்கும் பிரிசம்கள், தரைக்குள் தண்ணீர் அழுத்தம் பார்க்கப் பீசோமீட்டர், பக்கத்திலேயே ஒரு மழைமானி. செங்குத்துப் பாறையில் ஏற வேண்டாம், ட்ரோன் போதும்.

வேகம் கூடத் தொடங்கினால் ஜப்பானில் ஃபுகுசோனோ 1985இல் வெளியிட்ட முறை கைகொடுக்கும். ஒவ்வொரு நாள் வேகத்தையும் தலைகீழாக்கி வரைபடம் போடுங்கள். இன்றைய வேகம் ஒரு நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்றால் 1ஐ 5ஆல் வகுத்து 0.2. நான்கு நாள் கழித்து 10 என்றால் 0.1. இரண்டையும் இணைத்துக் கோட்டை நீட்டினால் இன்னும் நான்கு நாளில் பூஜ்யத்தைத் தொடும். சரிவு அந்தத் தேதியை ஒட்டி வரலாம் என்று பொருள். நடுவில் மழை பெய்தால் முன்னதாகவே வரும். அந்தத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது; கோடு கீழே இறங்கத் தொடங்கியதுமே கீழே உள்ள குடும்பங்களை நகர்த்துங்கள்.

செய்தி யாரிடம் போக வேண்டும்

எந்த எண் வந்தால் யார் யாருக்குப் போன் செய்வது, யார் சைரன் அடிப்பது, மக்கள் எந்த வழியாக எங்கே போவது என்று முன்பே எழுதி, ஊர்ப் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசி முடியுங்கள். அந்தத் தாள் அவர்கள் மொழியில் இருக்கட்டும். இந்தி, வங்காளம், தெலுங்கு, சந்தாலி எதுவானாலும். இரவில், மழையில் ஒரு முறை ஒத்திகை பாருங்கள்.

தீயும் நில இறக்கமும் உள்ள இடங்களிலிருந்து மக்களை வேறிடத்தில் குடியமர்த்த ஜரியா, ராணிகஞ்சுக்கான மாஸ்டர் பிளான் 2009இல் ஒப்புதலானது. ஜரியாவுக்கான திருத்திய திட்டத்துக்கு 2025 ஜூனில் சுமார் 5,940 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வீடு கொடுத்தாலும் பலர் போகத் தயங்குகிறார்கள், பிழைப்பு பழைய இடத்தில் இருக்கிறது. அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் வீட்டுச் சுவரின் அளவீட்டை அவர்களிடமே காட்டி, மாதாமாதம் என்ன மாறுகிறது என்று விளக்கிச் சொன்னால் கேட்பார்கள். வீட்டுக்காரரிடமே ஒரு ஸ்கேலும் நோட்டும் கொடுத்துச் சுவர் விரிசலை வாரம் ஒரு முறை எழுதச் சொல்லுங்கள். நம் லைன் எட்டாத இடமெல்லாம் அந்த நோட்டில் வந்துவிடும்.

சுரங்கத்தை மூடும் நாளில் இந்த வேலை முடிந்துவிடாது. தண்ணீர் இறைப்பதை நிறுத்தியதும் கோஃபுகளில் நீர்மட்டம் ஏறும், பழைய தூண்கள் ஊறும்; அப்போதும் சில ஆண்டுகள் அளக்க வேண்டும். பெஞ்ச் மார்க்குகளின் ஆயத்தொலைவுகள், எல்லாச் சுற்று ரிஜிஸ்டர்கள், கடைசிப் பிளான், சிவப்பு வட்டம் போட்ட வரைபடம், வீட்டுப் போட்டோக்கள் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சுரங்க அலுவலகத்திலும் ஒன்றை மாவட்ட நிர்வாகத்திடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.